காபிக் கடைக்காரரே, அந்த ஆப்பில் சேரும் முன்

போன வாரம் ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார். சொந்தமாகச் சின்னதாய் ஒரு காபிக் கடை போடப்போகிறாராம். "பேமென்ட் ஆப் எது நல்லது, சொல்லுங்க" என்று ஒரே வரி. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அவரோடு முடிகிற விஷயமும் இல்லை என்பதால் இங்கேயே போடுகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நண்பன் ஒருவன் நடத்தும் காபிக் கடைக்கு மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு. ஆகவே நான் சொல்வதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்த்தது. காபியின் ருசி பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

ஆப் விற்க வருகிறவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பர்சன்ட் பிடிப்பீங்க?" என்பதுதான். கேட்க வேண்டியதுதான், ஆனால் அதை இரண்டாவதாகக் கேளுங்கள். வாடிக்கையாளர் முன்கூட்டியே போட்டு வைக்கிற காசு யார் கணக்கில் இருக்கும்? முதலில் இதைக் கேளுங்கள். இதற்குப் பதில் வராமல் எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்க வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு பெயரைச் சொல்வார்கள்: ஸ்டார்பக்ஸ். "அவங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒரு ஆப், சின்னக் கடைக்கும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டார்பக்ஸ் 2011 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க இருந்த தன் சொந்தக் கடைகளில் போனைக் காட்டிப் பணம் கட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஐபோனைக் காட்டிப் பணம் கட்டும் ஆப்பிள் பே வந்தது 2014 அக்டோபரில். அதாவது போன் கம்பெனி யோசித்து முடிப்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே ஒரு காபிக் கம்பெனி அதைச் செய்துவிட்டது. தொழில்நுட்பம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் கிடையாது. திரையில் ஒரு பார்கோடு, கல்லாவில் ஒரு ஸ்கேனர், அவ்வளவுதான்.

சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. அந்த பார்கோடுக்குப் பின்னால் இருந்தது 2001-லிருந்தே அவர்கள் விற்றுவந்த ப்ரீபெய்ட் கார்டு. வாடிக்கையாளர் முதலில் காசு போட வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கழிக்க வேண்டும். 2016-ல் பத்திரிகைகள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இப்படிக் கார்டிலும் ஆப்பிலும் தங்கியிருந்த பாக்கி 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பல சின்ன வங்கிகளின் மொத்த டெபாசிட்டே அவ்வளவு இருக்காது. வட்டி இல்லாத டெபாசிட் அது. திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் காபியாகத்தான் கிடைக்கும். போட்டுவிட்டு மறந்துபோனவர்களின் காசு, இனி வந்து கேட்க மாட்டார்கள் என்று வருமானத்தில் சேர்த்துக்கொண்டது மட்டும் 2023 நிதியாண்டில் 20 கோடி டாலருக்கு மேல்.

நம்மில் பலர் அதைப் பணம் கட்டும் ஆப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் பிள்ளை கண்ணுக்கு அது டெபாசிட் வாங்கும் ஆப். சின்னக் கடைக்கு "அதே மாதிரி" என்று விற்கப்படுவதில் இந்த டெபாசிட் இருக்கிறதா, இருந்தால் யாருக்கு என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

காபி விற்பவனுக்குச் சதவீதத்தைவிட, அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "பிளஸ்" போட்டு வரும் காசுதான் எமன். ஸ்கொயர் என்ற அமெரிக்கக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2009-ல் ஆரம்பித்தது. சின்னக் கடைக்காரர்களையும் கார்டில் பணம் வாங்க வைத்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், அந்தப் பெருமை அவர்களுக்கு நியாயமாகவே சேர வேண்டும். ரொம்ப நாள் அவர்கள் பிடித்தது 2.75 சதவீதம், வேறெதுவும் இல்லை. 2019-ல் மாற்றினார்கள்: 2.6 சதவீதம், பிளஸ் ஒவ்வொரு பில்லுக்கும் 10 சென்ட். மேலோட்டமாகப் பார்த்தால் குறைத்திருக்கிறார்கள். ஒரு காபி 4 டாலர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய கணக்கில் 11 சென்ட். புதுக் கணக்கில் 10.4 சென்ட்டோடு இன்னொரு 10, ஆக 20.4. கிட்டத்தட்ட இரட்டிப்பு. சோபா விற்கிறவருக்கு இது லாபம், காபி விற்கிறவருக்கு இடி. அறிவிப்பு வந்ததும் காபிக் கடைக்காரர்கள் கூச்சல் போட்டதில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு முன்பே ஒரு கூத்து நடந்திருக்கிறது. டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு அமெரிக்க அரசு 2011-ல் உச்சவரம்பு வைத்தது: பெரிய வங்கிகளின் கார்டுக்கு ஒரு தடவைக்கு 21 சென்ட்டும் சொச்சமும். வியாபாரிகளைக் காப்பாற்ற வந்த சட்டம். அதற்கு முன்னால் சின்ன பில்லுக்கென்று கார்டு கம்பெனிகள் தனியாகக் குறைந்த கட்டணம் வைத்திருந்தன. 2 டாலர் பில்லுக்கு ஏழெட்டு சென்ட்டோடு போய்விடும். சட்டம் வந்ததும் அந்தச் சலுகை போயே போச்சு. உச்சவரம்பையே எல்லோருக்கும் விலையாக்கிவிட்டார்கள். 2 டாலர் காபிக்கே 21 சென்ட்டுக்கு மேல், 200 டாலர் செருப்புக்கு அதைவிடப் பத்து சென்ட்தான் கூடுதல். காப்பாற்ற வந்தவன் காலை மிதித்த கதை.

இப்போது அந்த முன்பணத்தை இங்கே கொண்டுவந்து வையுங்கள். ஒருத்தர் பத்து நாள் வந்து பத்து காபி குடித்துத் தினமும் கார்டைத் தேய்த்தால் மேலே சொன்ன கணக்குப்படி கட்டணம் 2 டாலர் 4 சென்ட். அதே ஆள் முதல் நாளே 40 டாலரை மொத்தமாகப் போட்டுவிட்டால் ஒரே ஒரு தடவைதான் கட்டணம்: 1 டாலர் 14 சென்ட். மிச்சம் 90 சென்ட். காபியும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. ஸ்டார்பக்ஸுக்கு இது பத்து இருபது வருஷமாகத் தெரியும். சின்னக் கடைக்காரருக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. சொன்னால் ஆப் விற்க முடியாதே!

பெரியவனுக்கு எப்போதுமே தனி விலை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஸ்டார்பக்ஸ் 2012-ல் ஸ்கொயரில் 2.5 கோடி டாலர் முதலீடு செய்து தன் கார்டு வேலையையும் அவர்களிடம் கொடுத்தது. 2015-ல் ஸ்கொயர் பங்குச் சந்தைக்கு வரும்போது எழுதிக் கொடுத்ததைப் படித்தால், ஸ்டார்பக்ஸிடமிருந்து வந்த கட்டணத்தைவிட அந்த வேலைக்கு ஆன செலவு அதிகம். நஷ்டத்துக்கு ஊழியம். மூலைக் கடைக்கு அந்த விலையை யார் தருவார்கள்?

சரி, நண்பன் கடைக் கதை.

பல காபிக் கடைகளைச் சேர்த்து ஒரே ஆப்பில் போடும் கம்பெனி ஒன்று வந்தது. பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் ஆப்பில் காசு போட்டு வைப்பார், சேர்ந்திருக்கும் எந்தக் கடையிலும் குடிக்கலாம். கடைக்கு வாராவாரம் செட்டில்மென்ட். நண்பன் துள்ளிக் குதித்தான். "பெரிய கம்பெனிக்கு எதிரா சின்னக் கடைங்க எல்லாம் ஒண்ணு சேர்றோம்டா." நானும் தலையாட்டினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கமிஷன் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். பாக்கி யாரிடம் என்று கேட்கவில்லை.

முதல் ஆறு மாசம் நன்றாகத்தான் போனது. சில்லறைத் தொல்லைகள் இருந்தன. கடை பில் மிஷினில் ஒரு மெனு, ஆப்பில் ஒரு மெனு. ஓட்ஸ் பால் தீர்ந்தால் இரண்டு இடத்திலும் அணைக்க வேண்டும், காலை எட்டரை மணிக் கூட்டத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? வெள்ளி, சனி, ஞாயிறு விற்பனைக் காசு செவ்வாய்க்கிழமைதான் வரும். பால்காரருக்கோ திங்கள் காலை ரொக்கம். ஞாயிறு சாயங்காலம் ஆப் அறிக்கையையும் பில் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பேன். எப்படியும் இரண்டு மூன்று பில் உதைக்கும்.

பிறகு ஒரு நாள் மெயில் வந்தது. இரண்டு வாரத்தில் சேவையை நிறுத்துகிறோம், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். தினமும் வருகிறவர்தான். போனை நீட்டினார். பாக்கி பதினோரு காபிக்கு இருக்கிறது, ஆப் திறக்க மாட்டேன் என்கிறது. நண்பன் விளக்கினான்: காசு எங்ககிட்ட இல்லைம்மா, அந்தக் கம்பெனிகிட்ட இருக்கு. அவர் கோபப்படவே இல்லை. "நான் அந்தக் கம்பெனியப் பாத்ததே இல்லியே தம்பி. உங்க கடையில நின்னுதானே போட்டேன்?" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? பதினோரு காபியும் கொடுத்தான். அவருக்கு மட்டுமில்லை, வந்து கேட்ட எல்லோருக்கும் கொடுத்தான். ஒரு நோட்டில் பெயர் எழுதி, கோடு போட்டு, குடிக்கக் குடிக்க அடித்துக்கொண்டே வந்தோம். கடைசி வாரச் செட்டில்மென்ட்டும் வரவில்லை. இரண்டு பக்கமும் அடி.

எங்களுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் துறையில் ஆப் சாவது சாதாரணம். கவுண்டரில் பெயரைச் சொன்னாலே பணம் கட்டிவிடலாம் என்று வந்த ஸ்கொயரின் வாலட்டை அவர்களே 2014-ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ஆர்டர் ஆப் அடுத்த வருஷமே மூடப்பட்டது. லெவல்அப் என்று ஒன்று, 2012-ல் "பணம் கட்டும் கட்டணமே கிடையாது" என்று பெரிதாக அறிவித்தது. 2018-ல் கிரப்ஹப் என்ற சாப்பாட்டு டெலிவரி கம்பெனி 39 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. கடைக்காரர் கையெழுத்துப் போட்டது ஒருத்தரிடம், கடைசியில் பழக்கம் வேறொருத்தரோடு. இவர்களெல்லாம் பெரிய கைகள், வாடிக்கையாளர் காசை ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய கைகளே இப்படித் திசை மாறும்போது நேற்று ஆரம்பித்தவன் என்ன உத்தரவாதம் தருவான் என்பதுதான் என் சந்தேகம்.

முன்கூட்டியே ஆர்டர் போடும் வசதி பற்றியும் இன்பாக்ஸில் கேட்டவர் அடுத்துக் கேட்பார். என் பதில்: ஒரே ஒரு காபி மிஷின், இரண்டே பேர் என்றால் வேண்டவே வேண்டாம். கடைக்குள் எட்டுப் பேர் நிற்கும்போது டேப்லெட் கத்தும். வெளியே எங்கோ நடந்து வந்துகொண்டிருக்கும் ஒருத்தருக்காக, நேரில் நிற்கும் எட்டுப் பேரைக் காக்க வைத்து லாத்தே போடுவீர்கள். அவர் வந்து சேர்வதற்குள் நுரை இறங்கி, மேலே தனியாகக் கட்டிதட்டி நிற்கும். "ஆறிப்போச்சே" என்பார். உள்ளே நின்ற எட்டில் ஒருத்தர் அதற்குள் கிளம்பியிருப்பார். ஸ்டார்பக்ஸே இதில் மாட்டிக்கொண்டது. ஆப் ஆர்டர் குவிந்து கவுண்டரில் நெரிசல், உள்ளே வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று 2017 ஜனவரியில் அவர்களே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். 2024-ல் புதுத் தலைவர் பொறுப்பேற்றபோதும் அதே நெரிசல்தான் சரிசெய்ய வேண்டியவற்றில் ஒன்றாக இருந்தது. அவ்வளவு ஆள்பலம் உள்ளவர்களுக்கே அந்தக் கதி.

"இந்தியாவில் யுபிஐ இருக்கே, பிரேசிலில் பிக்ஸ் இருக்கே, கட்டணப் பிரச்சினையே இல்லையே" என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். பெருமளவு உண்மைதான். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் போகும் முறை இருக்கும் இடத்தில் மேலே நான் போட்ட சென்ட் கணக்கெல்லாம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் கட்டினால் 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் போனாலும் பாக்கியும் பழக்கமும் போகாது. பத்து காபிக்கு முன்பணம் யார் வாங்குகிறார்கள், அடிக்கடி வருகிறவர் யார் என்கிற பட்டியல் யாரிடம் இருக்கிறது என்பது அங்கேயும் அப்படியேதான் நிற்கிறது.

ஆகவே கேட்டவருக்கு என் யோசனை. பணம் வாங்குவதற்கு வாடிக்கையாளர் போனில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான வழி எதுவோ அதை வையுங்கள். ஆப்பிள் பே மாதிரி வாலட்டுகள் கடைக்காரரிடம் தனியாக எதுவும் பிடிப்பதில்லை, வழக்கமான கார்டுக் கட்டணம் மட்டுமே. உங்கள் கடைக்காகத் தனியாக ஒரு ஆப்பை இறக்கு என்று யாரையும் கேட்காதீர்கள், இறக்க மாட்டார்கள். முன்பணத்தை உங்கள் கடை பெயரிலேயே வாங்குங்கள். பில் மிஷினிலேயே கிஃப்ட் கார்டு வசதி இருந்தால் அது போதும், இல்லையென்றால் அட்டையும் முத்திரையும் போதும். பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பதினொன்று கொடுங்கள்.

ஒன்று மட்டும், கணக்குப் பார்ப்பவனாகக் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தக் காசு வருமானம் கிடையாது, கடன். காபி கொடுத்த பிறகுதான் உங்களுடையது. அதை எடுத்து வாடகை கட்டினீர்கள் என்றால் நீங்களும் அந்த ஆப் கம்பெனியும் ஒன்றுதான். தனிக் கணக்கில் போடுங்கள். யாரும் வந்து கேட்காத பாக்கியை என்ன செய்யலாம் என்பதற்குச் சில இடங்களில் சட்டமே இருக்கிறது, அரசிடம் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. உங்கள் ஊர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பன் கடையில் இப்போது அட்டைதான் ஓடுகிறது. அந்த நோட்டையும் தூக்கிப் போடவில்லை, கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு மூன்று பெயருக்கு இன்னும் கோடு அடிக்கப்படவில்லை, அவர்கள் வரவே இல்லை.

போன மாசம் இன்னொரு ஆப்காரர் வந்தார். டேப்லெட் இலவசம், முதல் மூன்று மாசம் கமிஷன் இல்லை, எல்லாம் சொன்னார். நண்பன் அந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்து, "நாளைக்கு நீங்க மூடிட்டா, இதுல இருக்கிற மாதிரி பாக்கிய யாரு சார் தருவா?" என்றான். வந்தவர் நல்ல பையன், மழுப்பவில்லை. மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாக நம்பர் வாங்கிக்கொண்டு போனார். இதுவரை போன் வரவில்லை.