பெரியம்மாவின் பவுடர் டப்பா

பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. சுகாதாரத் தன்னார்வலர் அக்கா மாதாமாதம் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2021 ஆகஸ்டில் இந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, நாலு நாள் ஆரவாரம் என்றுதான் நினைத்தேன். நினைத்தது தப்பு. 2024இல் திட்டத்துக்கு ஐ.நா. விருது வந்ததால் சொல்லவில்லை. பெரியம்மா இன்று வாசல்வரை நடப்பதால் சொல்கிறேன்.

ஆனால் போன வருஷம் ஒன்று நடந்தது. பிரஷர் 170க்குக் கீழே இறங்கவே இல்லை. நோட்டைப் பார்த்த டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். நோட்டில் இருந்ததை வைத்துப் பார்த்தால் சரிதான். நோட்டில் ஏறாத சங்கதி, பெரியம்மா பழைய மாத்திரையையே விழுங்கவில்லை என்பது. அட்டை அட்டையாகப் பவுடர் டப்பாவில் கிடந்தது. அக்காவுக்கு அது தெரியும்.

"ஏன்க்கா சொல்லலை?"

"டாக்டர் முன்னாடி நான் போய் நின்னு என்னன்னு தம்பி சொல்றது?"

இதற்குள் நாங்கள் பயந்துபோய், பழையது புதியது எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து விழுங்க வைத்திருந்தோம். நாலாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தவர் தலை சுற்றிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அன்றைக்கு இயன்முறை மருத்துவர் வரும் நாள். கூட வந்த செவிலியரிடம் சொல்லி, படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொன்னார். நின்றதும் சடாரென்று இறங்கியது. செவிலியர் திண்ணையில் உட்கார்ந்தபடியே டாக்டருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு மாத்திரை நின்றுவிட்டது.

டாக்டர், செவிலியர், மருத்துவச்சி, ஊர்ப் பணியாளர் எல்லாரும் ஓர் அணியாக வேலை பார்க்க வேண்டும் என்று 1978லேயே ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாட்டின் அல்மா-ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. ஆட்களை நாம் சேர்த்துவிட்டோம். பேச்சுதான் இன்னும் மேலிருந்து கீழேயே வருகிறது. எந்த வீட்டில் யார் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள், எந்த மருமகள் கஞ்சியில் உப்பு அள்ளிப் போடுகிறாள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆளுக்குத்தான் சம்பளமும் குறைவு, குரலும் குறைவு. மாதாந்திரக் கூட்டத்தில் "எத்தனை வீடு முடிச்சீங்க?" என்று ஆரம்பிக்காமல், முதல் பத்து நிமிஷம் இவர்களைப் பேசவிட்டால் என்ன? காசு செலவில்லாத காரியம்.

டாக்டர் நம்பர் இப்போது அக்காவின் போனில் இருக்கிறது. இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லையாம். "மிஸ்டு கால் கொடுத்தா தப்பா நினைப்பாரா தம்பி?" என்று போன வாரம் கேட்டார்.