அதிரசம் யார் சுடுவது?

கடையில் வாங்கிய அதிரசத்தை வைத்து நோம்பு எடுக்கலாமா, கூடாதா?

2024 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டது என் மனைவி. ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டாள். நாங்கள் படுக்கப் போவதற்குள் நாற்பத்து மூன்று பதில். சித்தப்பா கோபித்துக்கொண்டு குழுவை விட்டே வெளியேறிவிட்டார். (காலையில் குட் மார்னிங் படம் அனுப்ப வழியில்லாமல் அவரே போன் செய்து சேர்க்கச் சொன்னார்.) அந்தச் சண்டை இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதனால் என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். சொந்தக்காரர்கள் படித்தால் படிக்கட்டும்.

தெற்கத்தி நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்கள் வட ஆற்காடு பக்கம், அதாவது வேலூரைச் சுற்றி, தீபாவளி பட்டாசோடு முடியாது. ஐப்பசி அமாவாசையில் கேதார கௌரி நோம்பு இருக்கிறது. எங்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். மறுநாள் நோம்பு. அமாவாசை தீபாவளியன்றே வந்துவிட்டால் போச்சு, கறி கிடையாது. புதுக் காலண்டர் வந்ததும் எங்கள் வீட்டு ஆண்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

எல்லா வீட்டிலும் நோம்பு உண்டு என்று சொல்ல முடியாது. பெண் பார்க்கப் போகும்போதே "உங்களுக்கு நோம்பு உண்டா?" என்று கேட்பார்கள். மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு வருவது அது. நடுவில் ஒரு சாவு விழுந்து விட்டுப்போனால், வீட்டில் குழந்தை பிறக்க வேண்டும், இல்லை மாடு கன்று போட வேண்டும், அப்போதுதான் மறுபடி எடுக்கலாம் என்று எங்கள் ஆயா (பாட்டி) சொல்லும்.

நோம்பில் எல்லாமே இருபத்தொன்று. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், கயிற்றில் இழை, அப்புறம் அதிரசம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு நோம்பு, என் மனைவிக்கு ஒன்று, பெங்களூரில் இருக்கிற தம்பி பெண்டாட்டிக்கு ஒன்று. ஆக, அறுபத்து மூன்று அதிரசம் சாமிக்கு மட்டும்.

பங்குக் கணக்கு தனி. ஆற்காட்டில் இருக்கிற அத்தைக்குப் பதினொன்று. ஆம்பூரில் இருக்கிற அக்காவுக்குப் பதினொன்று. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் அத்தை இராணிப்பேட்டை மாவட்டம் ஆகிவிட்டார், அக்கா திருப்பத்தூர் மாவட்டம். அதிரசத்துக்கு எல்லை தெரியாது, பஸ் ஏறிப் போய்விடும். பக்கத்து பாய் வீட்டுக்கு ஒரு டப்பா. அந்த டப்பா பக்ரீத்துக்குச் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் கொண்டுவந்தது. காலி டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஐப்பசி வரை எங்கள் அலமாரியிலேயே உட்கார்ந்திருக்கும். (எங்கள் ஊர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அம்மா கை அதிரசத்துக்கு எவனாவது எழுதிப் போட்டிருக்கலாம்.)

இப்படி எல்லாம் சேர்த்தால் மூன்று படி அரிசி. முப்பது வருடத்துக்கு மேல் இதை ஒரே ஆளாகச் செய்தது என் அம்மா.

செய்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். மாவுப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் ஆறவிட வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் அரிசி ஒட்ட வேண்டும், ஆனால் தண்ணீர் தெரியக்கூடாது. ஐப்பசி மழையில் இது ஆறவே ஆறாது. ஃபேன் அடியில் வேட்டி, வேட்டியில் அரிசி, சுற்றி நடக்க இடமில்லாமல் நாங்கள். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு மாவு மெஷினுக்கு ஓட வேண்டும். ஈர அரிசி அரைக்க மெஷின்காரர் தனி நேரம் வைத்திருப்பார், அந்த வரிசையில் நின்றால் அரை நாள். வந்து சலிக்க வேண்டும். வெல்லம் காய்ச்சிப் பாகெடுத்து, மாவைக் கொட்டிக் கிளறி, இரண்டு மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். நோம்பன்று விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அத்தனையையும் தட்டிச் சுட வேண்டும். படையல் ஆகும்வரை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. எச்சில் பட்டால் நோம்புக்கு ஆகாது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு, காய்ந்த எண்ணெய் வாசனையில், ருசியே பார்க்காமல் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் நாங்களும் என்ன செய்துகொண்டிருந்தோம்? அதிரசம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம். வந்ததும் "போன வருசம் இன்னும் மெத்துனு இருந்துச்சு" என்றோம். நானே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

2024 ஜனவரியில் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. மனைவி ஸ்கூல் டீச்சர், தீபாவளிக்கு முந்தின நாள் வரை அவளுக்கு ஸ்கூல். தம்பி பெண்டாட்டி பஸ் பிடித்து வந்து சேரவே ராத்திரி ஆகிவிடும். அந்த நிலைமையில்தான் கடையில் வாங்கலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

வந்த பதில்களைப் படித்துப் பார்த்தேன். "கூடவே கூடாது" என்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். ஒருவர்கூட ஒரு தடவை மாவு சலித்தவர் கிடையாது. அத்தை மட்டும்தான் செய்து பழகிய கையோடு பேசினார். "கட அதிரசத்த வெச்சி நோம்பு எடுக்கறதுக்கு எடுக்காமலே இருந்துடலாம். தொன்றுதொட்டு வர்ற வழக்கம்டா இது" என்று குரல் பதிவு அனுப்பினார். அத்தைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வாங்கி வருவது ஆற்காடு மக்கன் பேடா என்கிற இனிப்பு. கடையில் வாங்கியது. பிரமாதமாக இருக்கும், நான் குறை சொல்லவில்லை. பதிவு செய்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

தொன்றுதொட்டு என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத்தான் நோம்புக் கூடையை எடுத்துப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். பல தலைமுறையாக அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில். லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-இல்தான் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் பிரதிஷ்டை செய்தார்கள். அதுவரை ஆயா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தது சத்துவாச்சாரி கோயிலுக்குத்தான். ஆக, எங்கள் "மாறாத" வழக்கம் அத்தைக்குக் கல்யாணம் ஆன பிறகு வந்த வழக்கம்.

2022-இல் என்ன நடந்தது? அக்டோபர் 24 தீபாவளி. மறுநாள் 25-ஆம் தேதி சாயங்காலம் சூரிய கிரகணம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் நோம்பு என்று இருந்த வீடு, அன்றைக்கு மத்தியானமே படைத்து, கயிறு கட்டி, சாப்பிட்டு முடித்தது. அத்தை வீட்டிலும் அப்படித்தான். சாமி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கிரகணத்துக்காக நேரத்தை மாற்றலாம் என்றால், அம்மாவின் முட்டிக்காக எதையாவது மாற்றினால் என்ன?

இன்னொன்று. நோம்பின் கதையே என்ன? பிருங்கி முனிவர் வண்டாக மாறி சிவனை மட்டும் சுற்றி வந்தார், அம்மனைக் கண்டுகொள்ளவில்லை. அம்மன் கோபித்துக்கொண்டு போய் இருபத்தொரு நாள் நோம்பிருந்து சிவன் உடம்பில் பாதியை வாங்கினாள். பாதி உடம்பைக் கொடுத்தவர் பேரில் நடக்கிற பண்டிகை இது. இதில் பாதி அதிரசம் தட்டிக் கொடுக்க எங்கள் குடும்பத்தில் ஒரு ஆம்பளைக்கும் கை வளையவில்லை.

என் கருத்து இதுதான். கடை அதிரசத்தில் நோம்பு எடுத்தால் ஒரு தப்பும் இல்லை. கூடாது என்கிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம், சொல்லிவிட்டு மெஷின் வரிசையில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் "அந்தக் காலத் தீபாவளி மாதிரி வருமா" என்று இங்கே எழுதுகிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் காலத் தீபாவளி யார் கையில் சூடுபட்டு வந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

சரி, வாய் கிழியப் பேசியாகிவிட்டது. குழுவிலும் இதையே எழுதினேன். உடனே அத்தை, "அப்ப நீயே சுடேன்டா" என்றார். மாட்டிக்கொண்டேன்.

மண்டித் தெருவில் பாகு வெல்லம் வாங்கினேன். அரிசி ஊறவைத்து, வேட்டி விரித்து, மெஷின் வரிசையில் நின்றேன். வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. முன்னால் நின்ற அம்மா, "வீட்ல யாரும் இல்லியாப்பா?" என்று பாவமாகக் கேட்டார்.

முதல் பாகு நாசம். அம்மா நாற்காலி போட்டு அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டிப் பார்க்க வேண்டும். கரைந்து ஓடினால் ஆகவில்லை. கூடி உருண்டு வந்து, அமுக்கினால் தக்காளிப் பழம் மாதிரி அமுங்க வேண்டும். அந்தப் பதத்துக்கும் அடுத்த பதத்துக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து உருண்டையைத் தட்டில் போட்டேன், "டங்"கென்றது. "கமர்கட்டு ஆயிடுச்சி போ" என்றது அம்மா. ஒரு கிலோ மாவை அதில் கொட்டிக் கிளறியும் பார்த்தேன். கரண்டி நின்றுவிட்டது. அந்தப் பாத்திரத்தை மீட்க இரண்டு நாள் ஆனது.

இரண்டாவது தடவை போனை அணைத்து வைத்துவிட்டு நின்றேன். பாகு கூடி வந்ததும் அம்மா எட்டிப் பார்த்து, "இறக்குடா, இறக்கு, இறக்கு" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு பாய் வந்து என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. அம்மா மூன்று படிக்குக் கிளறியிருக்கிறது.

நோம்பு நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. அரசாங்கமே லீவு விட்டிருந்ததால் மனைவிக்கும் லீவு. காலை நாலரைக்குக் குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். மனைவி வாழையிலையில் தட்டிக் கொடுத்தாள், நான் போட்டு எடுத்தேன். தம்பி இரண்டு கரண்டியால் அழுத்தி எண்ணெயைப் பிழிந்தான். அவனும் காலேஜ் படித்த காலத்திலிருந்து அடுக்களைப் பக்கம் வந்தவன் கிடையாது. முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனது. அடுத்தது உப்பி, ஓரம் சிவந்து, நடுவில் லேசாகக் குழிந்து மேலே வந்தது. அதைப் பிட்டு வாயில் போட வேண்டும் என்று கை பரபரத்தது. முடியாது. சாயங்காலம் வரை அது எப்படி இருக்கிறது என்று தெரியாமலே எழுபது சுட்டேன். ருசி பார்க்காமல் சுடுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அறுபத்து மூன்று சாமிக்குப் போனது. மிச்சம் ஏழு. பாய் வீட்டு டப்பாவில் மூன்று, அக்காவுக்கு இரண்டு, அத்தைக்கு இரண்டு.

அத்தை மறுநாள் மக்கன் பேடா டப்பாவோடு வந்தார். நான் கொடுத்த அதிரசத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிட்டு, உள்ளே பார்த்து, மெதுவாக மென்றார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுக்கு பத்தல. பாகு பரவால்ல" என்றார். இன்னொன்றையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்த வருசம் எனக்குப் பதினொண்ணு வேணும்டா, இந்த ரெண்டு கணக்கெல்லாம் ஆவாது" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு பேசப் போய்விட்டார்.