சத்தம் குறைந்தால் கெட்டுப்போய்விட்டதா?

நேற்று ஒரு நண்பனோடு போனில் சண்டை. அரசியலோ கிரிக்கெட்டோ காரணமில்லை, மோக்வாய். "என்னைக்கு சிந்தசைசரைத் தூக்கிட்டு வந்தாங்களோ அன்னைக்கே அவங்க கதை முடிஞ்சுபோச்சு" என்றான். சிந்தசைசர் என்றால் மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கீபோர்டு. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் எல்லாம் வரிசையாகத் தோன்றியது, வழக்கம்போல.

தெரியாதவர்களுக்காக: 1995இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் தொடங்கிய ராக் இசைக்குழு. பெரும்பாலான இசைக்கு வரிகளே கிடையாது. 'கிரெம்லின்ஸ்' படத்தில் வரும் பிராணியின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். கான்டனீஸ் மொழியில் அதற்குப் பேய் என்று அர்த்தம். அப்புறம் நல்ல பெயராகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்களாம். முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் மாற்றவில்லை. ஆல்பத்துக்குப் பெயர் வைப்பதிலும் இதே குசும்புதான். 2011இல் வந்த ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஹார்ட்கோர் என்றைக்கும் சாகாது, ஆனால் நீ சாவாய்'. ஹார்ட்கோர் என்பது முரட்டு இசை வகை ஒன்று.

நண்பன் எதை இழந்ததாக நினைக்கிறான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1997இல் வந்த முதல் ஆல்பமான 'யங் டீம்'இல் 'லைக் ஹெராட்' என்று பதினோரு நிமிட உருப்படி ஒன்று உண்டு. நான் அதை முதலில் கேட்டது ராத்திரி, ஹெட்போனில், கையில் டீயோடு. பேஸ் கிட்டார் மெல்ல நடை போடுகிறது, மற்றதெல்லாம் கிசுகிசு. சரியாகக் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மூன்று நிமிஷம் போல ஆகியிருக்கும், மொத்தக் கூரையும் தலையில் இறங்கியது. பாதி டீ சட்டையில். அந்த அடியைத்தான் அவன் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

ஆனால் ஒரே ஆளை ஒரே மாதிரி எத்தனை முறை பயமுறுத்த முடியும்? இரண்டாம் தடவை அந்த இடம் வருவதற்குள் தோள் தானாக இறுகிவிடுகிறது. இது எனக்கே தெரிகிறது என்றால் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பேரி பர்ன்ஸ் 1998இல் குழுவில் வந்து சேர்ந்ததும் கீபோர்டு உள்ளே நுழைந்தது. 2003 ஆல்பத்தின் முதல் பாட்டில் வோகோடர், அதாவது மனிதக் குரலை இயந்திரக் குரலாக்கும் கருவி. ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. யாரோ எதையோ சொல்ல வந்து தொண்டையில் நிற்கிறது என்பது மட்டும் புரியும். இதைக் கிட்டார் மட்டும் வைத்துக்கொண்டு செய்திருக்க முடியாது.

நண்பனின் கோபமெல்லாம் 2014இல் வந்த 'ரேவ் டேப்ஸ்' மேல்தான். ரேவ் என்றால் ராத்திரி முழுக்க ஆடும் நடனக் கொண்டாட்டம். பெயரைப் பார்த்து ஆட்டம் போட வைக்கும் இசை என்று நினைத்துவிட வேண்டாம். அதில் 'ரீமர்டர்ட்' என்ற ஒன்றைக் கேளுங்கள். முதல் பாதி முழுக்க பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கி நடக்கும். அப்புறம் சிந்தசைசர் கனமாக, இருட்டாக நடுவில் வந்து உட்காரும். அடி விழப்போகிறது என்று காத்திருப்போம். விழாது. விழாததுதான் பயம். 'லைக் ஹெராட்' ஒரு நொடியில் செய்ததை இது நிமிடக்கணக்கில் இழுத்துச் செய்கிறது.

இந்த அடக்கத்தில் சினிமா வேலைக்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம். 2006இல் கால்பந்து வீரர் ஜிதானைப் பற்றிய படத்துக்கு இசையமைத்தார்கள். ஒரு முழு ஆட்டத்தில் அவர் ஒருவரை மட்டும் 17 கேமராக்கள் பின்தொடரும் படம். செத்தவர்கள் திரும்பி வரும் பிரெஞ்சுத் தொடருக்கும், அணுகுண்டு பற்றிய பிபிசி ஆவணப்படத்துக்கும் அவர்கள்தான் இசை. திரையில் ஒரு முகம் இருக்கும்போது ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டு எதுவும் ஆகப்போவதில்லை.

இன்னொன்று, இதை அவனிடம் சொல்லாமல் விட்டதற்காக என்னையே நொந்துகொண்டேன். அவர்களுக்கென்று ராக் ஆக்‌ஷன் என்ற லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், இருக்கிறது. ஆரம்பத்தில் கெமிக்கல் அண்டர்கிரவுண்ட் என்ற லேபிளில் இருந்தார்கள். அதுவும் டெல்காடோஸ் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக் குழு நடத்தியதுதான். 2011 முதல் பிரிட்டனில் தங்கள் ஆல்பங்களைச் சொந்த லேபிளிலேயே போடுகிறார்கள். "போன தடவை ஓடினதையே திரும்பப் போடுங்கப்பா" என்று சொல்ல மேலே முதலாளி இல்லை. கடை சொந்தக் கடை, சரக்கை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்? அதே கடையில் எரர்ஸ், ட்வைலைட் சாட் என்று மற்ற ஸ்காட்லாந்துக் குழுக்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் அவர்களின் பத்தாவது ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொரோனா காலம். குழு இங்கிலாந்தில் ஒரு ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன் அமெரிக்காவிலிருந்து ஜூமில். இருபத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக முதலிடம். அன்றைக்கு எனக்கு முதலில் போன் செய்து கத்தியது யார் தெரியுமா? இதே நண்பன். அந்த ஆல்பத்தில் எது கிட்டார், எது சிந்தசைசர் என்று பல இடங்களில் பிரித்தே சொல்ல முடியாது. அதை நான் அப்போது அவனுக்குச் சொல்லவில்லை. சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

சரி, 'ரீமர்டர்ட்' இணைப்பை இப்போது அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். ராத்திரி, ஹெட்போனில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். டீயைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.