ரசப்பொடிக்கு எதற்குப் பிறந்த தேதி?

ஈரோட்டில் சித்தி மகள் வீட்டிலேயே பொடி வகைகள் அரைத்து விற்கிறாள். போன மாதம் அவளுக்கென்று ஒரு வெப்சைட் தயாரானது. "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று லிங்க் அனுப்பியிருந்தாள்.

பிரைவசி பாலிசியை, அதாவது வாங்குபவர்களின் விவரங்களை என்ன செய்வோம் என்று சொல்லும் பக்கத்தைத் திறந்தால் கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களின் உரிமைகள் பற்றி ஒரு பத்தி. அதற்குக் கீழே யாரோ ஒரு செருப்புக் கம்பெனியின் பெயர். செய்து கொடுத்தவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார், பெயரைக்கூட மாற்றவில்லை. அந்தப் பக்கம் இல்லாமலே இருந்திருக்கலாம். கடையில் நடக்காததை எல்லாம் நடப்பதாக எழுதி வைத்தால், நாளைக்கு ஒரு தகராறு என்று வரும்போது அதுவே நமக்கு எதிராக நிற்கும்.

அதைவிட எனக்கு உறுத்தியது ஆர்டர் படிவம்தான். பெயர், முகவரி, போன் நம்பர், சரி. பிறந்த தேதி எதற்கு? திருமண நாள் எதற்கு? ரசப்பொடிதானே வாங்குகிறார்கள்!

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் முதலில் கேட்கிறது. சொன்ன காரியத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குத்தான் சம்மதம் செல்லும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: மருத்துவ ஆலோசனை தரும் ஆப் ஒன்று போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, பயனரும் சரி என்று அழுத்திவிடுகிறார். அப்படி அழுத்தினாலும் அந்த எண்களைப் பொறுத்தவரை சம்மதம் செல்லாது. நாமே முன்கூட்டி டிக் போட்டு வைக்கும் 'வாட்ஸ்அப்பில் ஆஃபர் அனுப்பலாம்' பெட்டியும் சம்மதம் ஆகாது. வாங்குபவர்தான் டிக் போட வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.

விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நம்மைப் போன்றவர்களைக் கட்டும் முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. '250 கோடி அபராதம்' என்று பயமுறுத்தி பேக்கேஜ் விற்கக் கிளம்பியவர்களை நம்பாதீர்கள். அது பாதுகாப்பில் கோட்டை விட்டால் விதிக்கக்கூடிய உச்சவரம்பு. தவறு எப்படிப்பட்டது, எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

அதற்காக அலட்சியமும் கூடாது. இவளுடைய ஆர்டர்கள் எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் விழுகின்றன. லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்று அதை வைத்திருந்தாள். கூரியர்காரருக்கு வசதியாம்! தனியாக இருக்கும் பெண்களின் முகவரியும் நம்பரும் அதில் இருக்குமே என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே பூட்டினாள்.

அப்புறம் விற்பனை விதிமுறைகள். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி, புகார் கேட்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. ஆள் வேறு யார், அவளேதான் அதிகாரி. அதைக் கேட்டு ஒரே சிரிப்பு.

பழைய பாலிசியைத் தூக்கிவிட்டு, என்ன வாங்குகிறோம், எதற்கு, யாருக்குக் கொடுக்கிறோம், அழிக்கச் சொல்ல யாரைக் கேட்க வேண்டும் என்று ஒன்பது வரி எழுதினோம். தமிழிலும் போட்டோம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் படிக்க வழி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாங்குபவர்களில் பாதிப் பேர் கோபி, பவானிப் பக்கத்து அத்தைமார்கள் எனும்போது இதைச் சட்டம் வந்தா சொல்லித் தர வேண்டும்?

திருமண நாளை எடுத்துவிட்டாள். பிறந்த தேதிக்குத்தான் இன்னும் இழுபறி. "பர்த்டேக்கு பத்து பர்சன்ட் தள்ளுபடி குடுக்கலாம்னு இருந்தனுங்ண்ணா" என்கிறாள். கொடு, ஆனால் காரணத்தைச் சொல்லித் தனியாகக் கேள், விருப்பமுள்ளவர் தரட்டும், மாதமும் தேதியும் போதும், வருஷம் வேண்டாம் என்றேன். யோசிக்கிறாளாம்.