வடிகால் பெரிதானால் போதுமா?
மழைநீர் வடிகாலை அகலப்படுத்தினால் சென்னை வேளச்சேரியில் தண்ணீர் தேங்காது என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதுதான் இடிக்கிறது. சரி, வடிகால் பெரிதாகிவிட்டது, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் போய்த்தான் கடலில் சேர வேண்டும், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அங்கேயும் உள்வாங்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலின் மூடித் துளை வழியாகவே தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்து, வீட்டு மூன்றாம் படிவரை ஏறியதை உட்கார்ந்து பார்த்தவன் நான். சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி) கிடைத்தது நல்லதுதான், ஆனால் பெருங்குடி குப்பைமேடு எழும்பியதே தண்ணீரைத் தாங்க வேண்டிய அந்தச் சதுப்புநிலத்தின்மேல்தானே. அப்புறம், கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ‘தண்ணீரை இறைக்க நாலு மோட்டார் வைத்தால் போதும்’ என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: மோட்டார் இறைத்து ஊற்றுவதும் அதே வடிகாலில்தான்.