சும்மா இருக்கவும் வசதி வேண்டும்

ஏழை நாடுகளில் வேலையில்லாத இளைஞர்கள் குறைவு என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் வியக்கிறார். வியக்க என்ன இருக்கிறது? ஜெர்மனியில் வேலை போனால் அரசு உதவித்தொகை தரும்; தாராவியில் யார் தருவார்கள்? எங்கள் சந்தில் பத்தாவதோடு நின்ற பையன் விடிவதற்குள் இட்லி அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கணக்கெடுப்பில் அவன் 'வேலையில் இருப்பவன்'. எதிர்வீட்டு பி.காம். பட்டதாரி, அப்பாவின் சம்பாத்தியத்தில், இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான், அவன்தான் 'வேலையில்லாதவன்'. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கையைப் பாருங்கள்: 2022இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரிகளில் 29.1.

வேலை இருந்தால் மட்டும் போதுமா? மும்பையில் 1982 பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பரேல் பக்கம் பல மில்கள் மூடி, மால்கள் எழுந்தன. மில்லில் என் பெரியப்பாவுக்கு பி.எஃப். இருந்தது. மால் வாசலில் காவலுக்கு நிற்கும் அவர் பேரனுக்கு அதுவும் கிடையாது.