'முதல் சுற்றில் வரலைன்னா அவ்வளவுதான்': பொய்

தர்மபுரி, பாலக்கோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஆடியோ சுற்றுகிறது. "பொறியியல் கலந்தாய்வில் முதல் சுற்றில் பெயர் வராதவர்களுக்கு இனி அரசு ஒதுக்கீடே கிடையாது, இன்று மாலைக்குள் 25,000 முன்பணம் கட்டினால் மேனேஜ்மென்ட் சீட்" என்கிறது குரல்.

பொய். இடம் ஒதுக்காவிட்டால் கலந்தாய்வை விட்டு வெளியே தள்ளிவிட மாட்டார்கள். கலந்தாய்வு இணையதளத்தில் உங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ப் பார்த்தால் 'அடுத்த சுற்றுக்குச் செல்கிறேன்', 'விலகுகிறேன்' என்று இரண்டு தெரிவு இருக்கும். முதலாவதைக் கெடுவுக்குள் அழுத்த வேண்டும். சிக்கல் இங்கேதான். சீட்டுதான் வரலையே என்று பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்ப்பதே இல்லை. பிரவுசிங் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டை விட்டுவிட்டு வருவது அதைவிட மோசம்.

விருப்பப் பட்டியலில் நாலைந்து கல்லூரியோடு நிறுத்துவது இன்னொரு தவறு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் போட்டுவிட்டு மெக்கானிக்கலை விட்டவர்களை எனக்கே தெரியும். கட்ஆஃப் 200-க்கு 140 வைத்துக்கொண்டு அந்த வீம்பு எதற்கு?

பொதுச் சுற்றுகள் முடிந்தபின் துணைக் கலந்தாய்வும் உண்டு. பிளஸ் 2 துணைத் தேர்வில் தேறியவர்களும் அதில் வரலாம். ஆனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கலந்தாய்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அதற்கு ஏஜென்ட் கிடையாது. ஜிபே எண் அனுப்புகிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், போனை வைத்துவிடுவார்.